பச்சை அளவா, சுட்ட அளவா?

நம்ம ஸ்கூல் குரூப்புல போன வாரம் ஒருத்தி ஒரு போட்டோ போட்டிருந்தா. கன்னத்துல ரோஸ் கலரு பூசுன பீங்கான் பொம்மை. கீழ 'நம்ம விருத்தாசலம், நம்ம பொற்காலம்'னு எழுதி, கை கூப்புற படம் நாலு. அதுக்கு எத்தனை பேரு பூ போட்டீங்க! நான் ஒண்ணும் போடல. பொற்காலமாம், பொற்காலம். களிமண்ணு, தூசி, இருமல். அதுக்கு நடுவுல நாம பாவாடைய தூக்கிச் சொருவிக்கிட்டு ஓடிக்கிட்டிருந்தோம். வேற என்ன?

கோச்சிக்காதீங்க. அறுபது தாண்டிட்டோம், இனிமே யாருக்காவ பூசி மெழுகணும்? எனக்கு அந்த ஊருல ஒரே ஒரு வருஷத்து வைகாசியிலேருந்து ஆடி முடியற வரைக்கும் நடந்ததுதான் ஞாபகம் நிக்குது. அப்ப நான் ஆறாங்கிளாஸு முடிச்சிருந்தேன். எங்க அக்காவுக்குப் பத்தொம்பது வயசு. அது ஒரு கித்தாரு செஞ்சுச்சு. உங்கள்ல சில பேரு எங்க வூட்டு வாசல்ல நின்னு அதைப் பாத்துச் சிரிச்சீங்க, ஞாபகம் இருக்குதா? 'கட்டில் கால நறுக்கி வீணை செய்யறாங்கடோய்'னு கத்துனது யாருன்னு எனக்குத் தெரியும். பேரு சொல்ல மாட்டேன், அவளும் இந்த குரூப்புலதான் இருக்குறா.

சாதாரண கித்தாரு இல்ல அது. மடியில படுக்க வெச்சு, எடது கையில ஒரு வழவழப்பான உருளைய வெச்சுத் தந்தி மேல தேச்சு வாசிக்கிறது. விரலால அமுக்கறதே கிடையாது. உருளைய நகத்துனா ஒரு சொரத்துலேருந்து இன்னொரு சொரத்துக்கு சத்தம் வழுக்கிக்கிட்டுப் போவும். ரயில்வே குவார்ட்டர்ஸுல ஒரு கார்டு வூட்டம்மா அதை வெச்சிருந்தாங்க. அக்கா அவங்களுக்கு ஜாக்கெட்டு தைச்சுக் குடுக்கப் போயி, ரெண்டு வருஷத்துல அவங்கள விட நல்லா வாசிக்கக் கத்துக்கிச்சு. அப்புறம் கார்டுக்கு மாத்தலாயிடுச்சு. கித்தாரும் பொட்டியில ஏறிப் போயிடுச்சு. போவும்போது அந்தம்மா ஒரு செட்டு புதுத் தந்தி மட்டும் குடுத்துட்டுப் போனாங்க, ஆறு காயிதக் கவருல ஆறு தந்தி.

அக்கா அழுவல. அந்தம்மா மூட்டை கட்டறதுக்கு முந்தின நாளே ஒரு பாவாடை நாடாவ கித்தாரு மேல நீளமா ஒட்டி, கட்டம் கட்டமா இருக்குற கோடு ஒவ்வொண்ணுக்கும் பேனா மசியால புள்ளி வெச்சு எடுத்துக்கிட்டு வந்துடுச்சு. அவ்வளவு கெட்டி. அந்த நாடாவ பைபிளுக்குள்ள மடிச்சு வெச்சிருந்துச்சு.

செய்யணும்னு அப்படி என்ன அவசரம்னு கேப்பீங்க. சொல்றேன். எங்க மாதா கோயில் சாமியாரு மூலமா ஒரு சேதி வந்துச்சு. வெளியூருல சிஸ்டருங்க நடத்துற பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் ஒரு டீச்சரு வேணும், தங்க ஹாஸ்டல்லயே எடம். ஆனா வாத்தியம் சொந்தமா வெச்சிருக்கணும். ஆடிக் கடைசியில மாதா பரலோகத்துக்குப் போன திருநாளுக்குப் பெரிய சிஸ்டரு நம்ம ஊருக்கு வராங்க, அன்னிக்குப் பூசை முடிஞ்சு ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டணும். பிடிச்சிருந்தா அழைச்சிக்கிட்டே போயிடுவாங்க.

இன்னொரு பக்கம், சேத்தியாத்தோப்புல உரக்கடை வெச்சிருந்த ஒருத்தருக்கு அக்காவக் கட்டிக் குடுக்கறதா எங்க அப்பா வாய் வார்த்தை குடுத்திருந்தாரு. அக்காவ விட பதிமூணு வயசு மூப்பு. "ஊரு முன்னால மடியில கட்டையப் போட்டுக்கிட்டு வாசிக்கிற பொண்ண எவன் கட்டுவான்? கூத்தாடிப் பொழப்பு"ன்னு ஒரு நாளு அப்பா கத்துனாரு. "கட்ட வேணாமே, யாரு கட்டச் சொன்னா"ன்னு அக்கா திருப்பிச் சொல்லுச்சு. அன்னிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு. எங்க வூட்டு வழக்கம் தெரியுமில்ல? சண்டை வந்தா நேருல பேச மாட்டாங்க, நடுவுல நான்தான் தபாலு. "சாப்பிட வரச் சொல்லுடி அப்பாவ." "பசியில்லன்னு போய்ச் சொல்லு பாப்பா." ஒரே ரூம்புல ரெண்டு பேரும் இருக்கும்போதே நான் அதை ஒருக்கா திருப்பிச் சொல்லணும்.

அப்பா பீங்கான் யூனிட்டுல அச்சு மேஸ்திரி. பிளாஸ்டர்ல அச்சு ஊத்துறது அவரு வேலை. 'மேஸ்திரி அளவு தப்பாது'ன்னு எல்லா யூனிட்டுலயும் சொல்லுவாங்க. அக்காவும் வேற ஒரு யூனிட்டுல கூலிக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. கரண்டு கம்பத்துல மாட்டுற பீஸ் கட்டைங்கள சூளைக்குப் போறதுக்கு முந்தி ஈரப் பஞ்சால தொட்டுத் தொட்டுப் பிசிறு துடைக்கிற வேலை. சாயங்காலம் வரும்போது புருவம், கண்ணு முடியெல்லாம் வெள்ளையா இருக்கும். மூஞ்சி கழுவிட்டு நேரா கித்தாரு வேலைக்குக் குந்திடும்.

உடைஞ்சுபோன தேக்குக் கட்டிலோட பக்கப் பலகைதான் ஒடம்பு. அஞ்சு அங்குல அகலம். பாவாடை நாடாவப் பரப்பி வெச்சு, புள்ளிக்குப் புள்ளி கம்பியச் சூடு பண்ணிக் கோடு இழுத்துச்சு. தேக்கு கருகுற வாசனை வூடெல்லாம் அடிச்சுது. காயலாங்கடையில வாங்குன பழைய டெலிபோன்ல காதுல வெக்கிற பாகத்தைப் பிரிச்சு, உள்ள இருந்த காந்தத்தையும் சுருளையும் தந்திக்குக் கீழ வெச்சு, ஒயர எங்க வூட்டு ரேடியோ பொட்டிக்குப் பின்னாடி ஓட்டையில சொருவுச்சு, தந்தி அதிர்ற சத்தம் ரேடியோவுல கேக்கும். பத்தாங்கிளாஸு படிச்ச பொண்ணு! யாரு சொல்லிக்குடுத்தா? ஒருத்தரும் இல்ல. இன்னிக்கு அதே வேலைய ஒருத்தன் செஞ்சா வீடியோ எடுத்துப் போட்டு லட்சம் பேரு பாப்பாங்க.

எல்லாம் ஆச்சு, முறுக்காணிதான் ஆவல. தந்திய இழுத்து சுதி சேக்கணுமே. மரத்துல ஆணி செதுக்கிப் பாத்துச்சு, வழுக்கிடுச்சு. அப்புறம் சைக்கிள் சக்கரத்துக் கம்பிய எடுத்துச்சு. கம்பி முனையில மரை இருக்கும், அதுல ஒரு சின்னப் பித்தளை நிப்பிளு ஏறும், அதைத் திருவுனா கம்பி இழுபடும். சக்கரத்துக் கோணல எடுக்க சைக்கிள் கடைக்காரரு செய்வாரே, அதேதான். ஆறு துண்டுக் கம்பி, ஆறு நிப்பிளு, ஒவ்வொரு கம்பியிலயும் ஒரு தந்தி. யோசனை என்னமோ அருமையான யோசனை. ஆனா நிப்பிளோட தலை மரத்துக்குள்ள அமுங்கிக்கிட்டே போவும். ஒரு பாட்டோட முதல் அடி முடியறதுக்குள்ள சுதி எறங்கிடும். தகரம் வெச்சுப் பாத்துச்சு, தகரம் வளைஞ்சு கிர்ருன்னு கத்துச்சு.

அப்படி மரத்துலயே நிப்பிள மாட்டி ஒரு நாயித்துக்கெழமை மாதா பாட்டு ஒண்ணு வாசிச்சுச்சு பாருங்க. உருளைக்குப் பதிலா கையில டானிக் பாட்டிலு. ரேடியோவுலேருந்து அந்தச் சத்தம் வந்ததும் அம்மா அடுப்ப வுட்டுட்டு வந்து நின்னுடுச்சு. வெளிய எட்டிப் பாத்தா அப்பா சைக்கிள புடிச்சிக்கிட்டு நின்னுக்கிட்டிருக்காரு, உள்ள வராம. ரெண்டாவது அடியில சுதி எறங்கி சத்தம் அழுவாச்சியா ஆயிடுச்சு. அக்கா பாட்டில வெச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அப்புறம்தான் அவரு சைக்கிளு ஸ்டாண்டு போட்டாரு.

மறுநாள் பீஸ் கட்டையத் துடைக்கும்போதுதான் அக்காவுக்குத் தோணியிருக்கு, வந்ததும் என்கிட்டச் சொல்லுச்சு. "ஏய் குட்டி, கரண்டு கம்பியவே புடிச்சு நிறுத்துது, ஆறு தந்தியப் புடிக்காதா?" பீங்கான்ல ஒரு கட்டை, ஆறு ஓட்டை. பலகைத் தலையில நாலு அங்குலத்துக்கு ஒரு பள்ளம் செதுக்கி, அதுல அந்தக் கட்டைய எறக்கிட்டா நிப்பிளு எங்க அமுங்கும்? பள்ளத்தை அன்னிக்கே செதுக்கிடுச்சு. ஆனா கட்டைக்கு அச்சு வேணும். அச்சுக்கு அப்பா வேணும்.

அம்மாதான் போய் நின்னுச்சு. "ஒரு கட்டைதாங்க. செஞ்சு குடுத்துடுங்க. வாசிச்சுப் பாக்கட்டும், சிஸ்டரு வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா அதுவே அடங்கிடும்." அப்பா அஞ்சு நாளு வாயே தொறக்கல. ஆறாம் நாளு சோத்துல கைய வெச்சிக்கிட்டு என்னைப் பாத்து, "அளவு போட்டு வரைஞ்சு தரச் சொல்லு பாப்பா"ன்னாரு. அக்கா அங்கதான் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு. நான் திருப்பிச் சொன்னேன். டம்ளரு ரொம்பி வழிஞ்சும் அக்கா ஊத்திக்கிட்டே இருந்துச்சு.

இங்கதான் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். நம்ம ஊருக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, கட்டிக்கிட்டு வெளியூரு போனவளுங்க மறந்திருப்பீங்க. களிமண்ணு சூளையில வெந்தா சுருங்கும். எங்க அப்பா கலக்குற மண்ணு எட்டுல ஒரு பங்கு ஏத்திச் செய்யணும். ஒம்போது அங்குலத்துக்குச் செஞ்சாத்தான் எட்டு அங்குலமா வெளிய வரும். அதனால எந்தப் படம் வந்தாலும் மேஸ்திரி கேக்குற முதல் கேள்வி, பச்சை அளவா, சுட்ட அளவா? சூளைக்குப் போறதுக்கு முந்தி இருக்க வேண்டிய அளவா, வெந்து வந்தப்புறம் இருக்க வேண்டிய அளவான்னு அர்த்தம்.

அக்கா காலண்டர் தாளு பின்பக்கம் ஸ்கேலு வெச்சுப் படம் போட்டுச்சு. மறுநாள் மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கோட அந்தத் தாளையும் நான் எடுத்துக்கிட்டுப் போனேன். யூனிட்டுல எல்லாரும் சாப்பிட உக்காந்துக்கிட்டு இருந்தாங்க. அப்பா கைய வேட்டியில துடைச்சிக்கிட்டுத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. ஓட்டை ஒவ்வொண்ணையும் நகத்தால தொட்டாரு. "மூளக்காரிதான்"னு சொல்லிட்டு, "பச்சை அளவா, சுட்ட அளவா?"ன்னாரு.

எனக்கு என்ன தெரியும்? அக்கா ஒண்ணும் சொல்லி அனுப்பல. தெரியலப்பா, கேட்டுட்டு வரேன்னு சொல்லியிருக்கலாம். ஆனா சுத்தி எட்டுப் பேரு உக்காந்திருந்தாங்க. மேஸ்திரி பொண்ணுக்கு இதுகூடத் தெரியாதான்னு நெனைப்பாங்களேன்னு ஒரு ஜம்பம். கம்பெனியிலேருந்து வர்ற படமெல்லாம் சுட்ட அளவுன்னு அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். "சுட்ட அளவுப்பா"ன்னேன், டக்குனு. "பாத்தியா, மேஸ்திரி வூட்டுக் குட்டிய"ன்னு ஒருத்தரு மெச்சுனாரு. தவளை தன் வாயாலதான் கெடும்னு சொல்லுவாங்க. என் வாயால கெட்டது எங்க அக்கா.

சாயங்காலம் அக்கா என் தலையப் பின்னிக்கிட்டே சொல்லுச்சு, "சுருங்குறதுக்கு நானே எட்டுல ஒரு பங்கு சேத்துப் போட்டுட்டேன். அப்பாவுக்குக் கணக்குப் போடற வேலை மிச்சம். எதாவது கேட்டாரா?" மத்தியானம் நான் சொன்னது தப்புன்னு அப்பவே வெளங்கிடுச்சு. "ஒண்ணும் கேக்கலக்கா"ன்னேன்.

இதுதான் நான் செஞ்சது. முதல்ல சொன்னது தெரியாம சொன்னது, அதை விட்டுடுங்க. ரெண்டாவதா சொன்னது? அப்பாகிட்ட மறுநாள் காலையிலகூட சொல்லியிருக்கலாம், அச்சு ஊத்தியிருக்க மாட்டாரு. திட்டுவாரேன்னு பயம். அப்பாவே பாத்துக் கண்டுபிடிச்சிடுவாருன்னு ஒரு நப்பாசை. நாளு போவப் போவ அதை நெனைக்கிறதையே வுட்டுட்டேன். கோலி ஆடினேன், புளியங்கா தின்னேன். எனக்குப் பதினொரு வயசுன்னு சமாதானம் சொல்ல வராதீங்க. பதினொரு வயசுல பொய்யி எது, நெசம் எதுன்னு நமக்கெல்லாம் நல்லாவே தெரிஞ்சிருந்துச்சு.

எல்லா யூனிட்டுக்கும் பொதுவான சூளை. ஏத்தி, எரிச்சு, ஆறி எடுக்க ஒரு வாரத்துக்கு மேல ஆவும். திருநாளுக்கு நாலு நாளு இருக்கும்போது அப்பா வேலைக்காரப் பையன்கிட்ட ஒரு கூடையக் குடுத்தனுப்புனாரு, வைக்கோலு போட்டு. அக்கா கைய வுட்டுக் கட்டைய எடுத்துச்சு. வெள்ளை வெளேர்னு, ஓரமெல்லாம் மழமழன்னு, அப்படி ஒரு வேலை. பள்ளத்துல வெச்சுது. எறங்கல. திருப்பி வெச்சுது. ஸ்கேலு எடுத்து அளந்துச்சு. நாலு அங்குலம் இருக்க வேண்டியது நாலரை. பலகையே அஞ்சு அங்குலம்தான், இன்னும் பள்ளம் வெட்டுனா ரெண்டு பக்கமும் தேக்கு பொளந்துக்கும். ஓட்டையில நிப்பிளு தலையோட உள்ள போயி அந்தப் பக்கம் விழுந்துச்சு.

இப்ப யோசிச்சா எனக்கே தெரியுது, ஓட்டைக்கு ஆறு வாஷரு, கட்டைய பள்ளத்துல எறக்காம மேலயே வெச்சு ரெண்டு இரும்புப் பட்டை. அரை நாளு வேலை. டெலிபோன் காதைப் பிரிச்ச பொண்ணுக்கு அது தோணாதா? தோணியிருக்கும். ஆனா அதோட மனசு கட்டையில இல்ல, அப்பா வேணும்னே கெடுத்துட்டாருங்கறதுலயே போயிடுச்சு. கூடையக் குப்பமேட்டுல விட்டெறிஞ்சிட்டு வாசப்படியில உக்காந்துக்கிச்சு.

கூடை உருண்டதுல வைக்கோலுக்குள்ளேருந்து இன்னொண்ணு வெளிய வந்துச்சு. நான்தான் பாத்தேன். விரல் தண்டிக்கு ஒரு பீங்கான் உருளை, பழுப்புப் பளபளப்பு ஏத்துனது. அக்கா டானிக் பாட்டில வெச்சித் தேய்க்குதுன்னு அம்மா சொல்லியிருக்கணும். யாரும் கேக்காமலே அப்பா செஞ்சு வெச்சிருந்தாரு. அதை அக்காகிட்டக் காட்டியிருந்தா அப்பவே எல்லாம் மாறிப்போயிருக்கும். ஆனா காட்டுனா, அப்பா வேணும்னு செய்யலன்னு தெரியும், அப்புறம் அளவு எப்படித் தப்புச்சுன்னு கேள்வி வரும், என்கிட்ட வந்து நிக்கும். பாவாடையில சுருட்டிக்கிட்டு வந்து என் டிரங்குப் பொட்டிக்கு அடியில வெச்சிட்டேன். பின்னால வூடு மாறுனப்ப அது எங்க போச்சுன்னே தெரியல.

அப்பா சாயங்காலம் வந்தாரு. மூஞ்சியில ஒரு எதிர்பார்ப்பு, சைக்கிள்லேருந்து எறங்கும்போதே பாத்தேன். அத்தனை மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் அக்கா நேருல பேசுச்சு.

"சந்தோசமா உங்களுக்கு?"

அவருக்குப் புரியல. கட்டையும் பலகையும் கீழ கெடக்குது. குனிஞ்சு எடுத்து வெச்சுப் பாத்தாரு. விரலால அளந்தாரு. ஒரு நிமிசம்தான், மேஸ்திரியில்ல, ரெண்டு தடவை எட்டுல ஒரு பங்கு ஏறியிருக்குன்னு அவருக்கு வெளங்கிடுச்சு. நிமிந்து என்னைப் பாத்தாரு. நான் அம்மா முந்தானைக்குப் பின்னால நின்னேன்.

"அளவு தப்பிப்போச்சும்மா"ன்னாரு.

"உங்களுக்கா? உங்களுக்கு அளவு தப்புமா? ஊரே சொல்லுது மேஸ்திரி கை தப்பாதுன்னு. எங்கிட்ட மட்டும் தப்புதா? வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம் இல்ல? ஆசை காட்டி இப்படியா கழுத்தறுப்பீங்க?"

அவரு கட்டையக் கீழ வெச்சாரு. போயி காலு கழுவுனாரு. என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு இருந்தாரா, சின்னப் பொண்ணு பேச்சைக் கேட்டு ஏமாந்தேன்னு சொல்ல மேஸ்திரிக்கு வெக்கமா, இல்ல உரக்கடைக்காரருக்குக் குடுத்த வார்த்தை தப்பாம போச்சேன்னு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதியா, எனக்கு இன்னிவரைக்கும் தெரியல. மூணும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

திருநாளன்னிக்கு அக்கா கோயிலுக்கே வரல. பெரிய சிஸ்டரு கேட்டாங்க, காய்ச்சல்னு அம்மா சொல்லுச்சு. தை மாசம் கல்யாணம். அந்த மனுசன் கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். மூட்டை எண்ணத் தெரியும், சாப்பிடத் தெரியும், பொண்டாட்டிகிட்டப் பேசத் தெரியாது. கித்தாரு பலகைய அம்மா அடுப்புக்குப் போட்டுச்சு. அக்கா அதுக்கப்புறம் அப்பாவ அப்பான்னு கூப்புடல. 'அவரு'தான். அப்பாவும் அதுக்கப்புறம் என் கையில எந்தத் தாளும் குடுத்தனுப்புனதில்ல, ஒரு வார்த்தை திட்டுனதும் இல்ல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். தூசி நெஞ்ச அடைச்சு, இருமி இருமி செத்தாரு. கல்லறையில அக்கா ஒரு கை மண்ணு போட்டுது, கைய உதறிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிடுச்சு.

போன மாசம் எனக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில வெச்சாங்க இல்ல, அப்பதான் பயம் வந்துச்சு. சொல்லாம செத்துடுவேனோன்னு. வூட்டுக்கு வந்த நாலாம் நாளே சேத்தியாத்தோப்புக்கு பஸ்ஸு ஏறிட்டேன். அக்கா இப்பத் தனியாத்தான் இருக்குது, அந்த உரக்கடைக்குப் பின்னால ரெண்டு ரூம்பு. முருங்கக்கீரை ஆய்ஞ்சிக்கிட்டு இருந்துச்சு. "வாடி, நெஞ்சு வலின்னாங்களே"ன்னு எடம் போட்டுச்சு. நான் உக்காந்த கையோட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அப்பா கேட்ட கேள்வி, நான் சொன்ன பதிலு, மறைச்சு வெச்ச உருளை, ஒண்ணு பாக்கியில்ல. அது கீரை ஆய்யறதை நிறுத்தல. முழுசாக் கேட்டுது.

"மன்னிச்சிடுக்கா"ன்னேன்.

"அவரு ஆஸ்பத்திரியில பதினேழு நாளு கெடந்தாரு"ன்னுச்சு. "பெரிய பொண்ணு வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். ஒரு மணி நேரம் பஸ்ஸு. நான் போவல. ஒரு வாய் தண்ணி குடுக்கல. நியாயம் என் பக்கம் இருக்குதுன்னு இருந்தேன். நீ அங்கதானே இருந்த? அப்ப உன் வாய்க்கு என்ன ஆச்சு?"

நான் தரையில செதறிக் கெடந்த கீரையப் பொறுக்குனேன்.

"நெஞ்சு வலி வந்ததும் பாரத்தை எறக்கி வெச்சிட்ட. எனக்கு எழுவது ஆவப்போவுது. இதை நான் எங்கடி கொண்டுபோயி வெப்பேன்?"

கத்தல, அழுவல. கீரைக் காம்பைக் கூட்டி அள்ளிட்டு எழுந்து உள்ள போச்சு. அரிசி களையற சத்தம் கேட்டுது. மணி பன்னெண்டரை. சோத்து வாசனை வர்ற வரைக்கும் நான் அங்கயே உக்காந்திருந்தேன். இத்தனை வருஷத்துல அந்த வூட்டுக்கு எப்பப் போனாலும், சண்டை போட்டுக்கிட்டாலும், சாப்பிடாம என்னை அது அனுப்புனதில்ல. அன்னிக்கு சாப்ட்டுட்டுப் போடின்னு ஒரு வார்த்தை வரல. செருப்ப மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.